உப்புத் தண்ணீரும் உன் புதுக் கேமராவும்

கண்ணு, நீ தவணையில் கேமரா வாங்கியிருப்பதாக உன் அம்மா சொன்னாள். காசிமேட்டில் விடியற்கால மீன் ஏலம், கோவளத்தில் அலைச்சறுக்கு, ஒகேனக்கல்லில் பரிசல், சீசனுக்குக் குற்றாலம் என்று நீ போட்டு வைத்திருக்கும் பட்டியலையும் சொன்னாள். எல்லாமே தண்ணீர். நீருக்கடியில் கொண்டுபோகிற ஹவுசிங் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு நீ வாயடைத்துப் போனதும் காதுக்கு வந்தது. கேமராவைவிட அதன் விலை கூடுதலாக இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், அதில் எது தாங்கும், எது காலை வாரும் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவான வழிகள் எல்லாம் பணத்தில் விட்டுக்கொடுத்ததைக் கவனத்தில் வசூலித்துவிடும். அந்தக் கவனம் இல்லாத நாளில் கேமராவைப் பையிலேயே வை.

1. எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு கிளம்பு. தண்ணீர் மூன்று விதமாகக் கேமராவைத் தொடும். சாரலும் தூறலும் ஒன்று. நனைக்கும், ஆனால் வேகம் இருக்காது. அலையோ துடுப்போ அடித்துத் தெறிப்பது இரண்டாவது. அது இடுக்குத் தேடி நுழையும். கேமரா முழுதாக முங்குவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மலிவான வழி உண்டு. மூன்றாவதற்கு, நல்ல கேமராவைப் பொறுத்தவரை, கிடையாது. உண்டு என்று யாராவது சொன்னால், அவர் தன் கேமராவை நம்பிச் சொல்கிறாரா, உன் கேமராவை நம்பிச் சொல்கிறாரா என்று பார். சாரலுக்குத் தயாராகிக் கிளம்பியவர்கள், படகில் ஏறிய பிறகு ஆசை மிஞ்சி, கையை நீட்டித் தண்ணீருக்குள் ஒரே ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமே என்று நினைக்கிற நேரத்தில்தான் கேமராக்கள் சாகின்றன. கிளம்பும்போது எந்தத் தண்ணீருக்கு என்று முடிவு செய்தாயோ, திரும்பும்வரை அதை மாற்றாதே.

2. பெட்டியில் அச்சடித்திருப்பதை நிதானமாகப் படி. 'வெதர் சீல்டு' என்றால், தூறல் விழும்போது பதறி ஓட வேண்டியதில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் எதுவும் இல்லை. கைப்பேசிகளில் ஐபி 67 என்று பார்த்திருப்பாய். முதல் எண் தூசிக்கு, அடுத்தது தண்ணீருக்கு; அந்த ஏழு, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. நல்ல கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எந்த எண்ணும் கொடுப்பதில்லை. 2022-ல் வந்த ஓஎம்-1 கேமராவுக்கு, அதற்கேற்ற லென்ஸ் மாட்டியிருந்தால், ஐபி 53 என்றார்கள். அதிலுள்ள மூன்று, சாய்வாக விழும் தூறலோடு நின்றுவிடுகிறது. இந்தச் சோதனைகள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில், நல்ல தண்ணீரில் நடப்பவை. கடலுக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. லென்ஸின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார். உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் விளிம்பு இல்லையென்றால், கேமராவுக்கு எவ்வளவு காப்பு இருந்தும் வாசல் திறந்தே கிடக்கிறது. கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் விலை குறைந்த லென்ஸ்களில் அந்த விளிம்பு பெரும்பாலும் இருக்காது.

3. பாலித்தீன் கவரை இளக்காரமாக நினைக்காதே. சாரலுக்கும் தெறிப்புக்கும் என் முதல் ஓட்டு இன்றைக்கும் அதற்குத்தான். எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

கொஞ்சம் தடித்த, நிறமில்லாத கவராகப் பார்த்து எடு. கேமராவும் லென்ஸும் உள்ளே போய், உன் இரண்டு கைகளும் நுழைய இடம் இருக்க வேண்டும். லென்ஸின் முன்னால் ஒரு யூவி ஃபில்டரைத் திருகிக்கொள். கேமராவைத் தலைகீழாக விடாமல், கவரின் வாய் கீழே வரும்படி மேலிருந்து போர்த்து. லென்ஸ் ஹூட் முட்டுகிற இடத்தில், ஹூட்டின் வாயைவிடச் சிறியதாக ஒரு துளை வெட்டு. பெரிதாக வெட்டிவிட்டால் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடு. டேப் ஒட்டிச் சமாளிக்காதே. அந்தத் துளையை இழுத்து ஹூட்டின் மேல் மாட்டி, ரப்பர் பேண்டு இரண்டு சுற்று போடு. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும்படி தனித்தனியாக இரண்டு போட்டால் இன்னும் நல்லது. பின்பக்கத்தில், கண் வைத்துப் பார்க்கும் ரப்பர் ஐகப்பைக் கழற்றிவிட்டு, கவரை அதன்மேல் இழுத்துப் பிடித்து, ஐகப்பைத் திரும்ப மாட்டு. கவர் நடுவில் இறுகி நிற்கும். உள்ளே தெரிகிற பாலித்தீனை மட்டும் பிளேடால் மெல்லக் கிழித்து எடு. கண்ணாடியில் பிளேடு படக்கூடாது. ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் அதன் மூடியைப் போட்டு வை, தண்ணீர் இறங்க விரும்பும் இடங்களில் அதுவும் ஒன்று. கவரின் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். முழுதாகக் கட்டினால் உன் கைச்சூட்டிலும் வியர்வையிலும் உள்ளேயே வேர்த்து, வெளியே நிற்கிற தண்ணீரை நீயே உள்ளே உண்டாக்கிவிடுவாய்.

இதையெல்லாம் வீட்டில் கட்டிப் பழகு. மழையில் நின்றுகொண்டு பழகாதே. ஹோட்டலில் கொடுக்கிற ஷவர் கேப் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள். இரண்டு படத்துக்கு நடுவில் கேமராமேல் போட்டு வைக்க அதைவிட வசதியானது இல்லை.

காசிமேட்டில் ஃபைபர் படகுக்காரர்கள் கைப்பேசியைக் கட்டி வைப்பதைக் கவனி. கவருக்குள் போட்டு, காற்றைப் பிழிந்து, வாயை முறுக்கி, முறுக்கியதை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையத்தைப் போடுவார்கள். அதன்மேல் இன்னொரு கவர், திசை மாற்றி. முறுக்கு மட்டும் போதாது, மடிப்புதான் தண்ணீரை நிறுத்துகிறது. உன்னுடைய மாற்று பேட்டரியையும் மெமரி கார்டுகளையும் அப்படிக் கட்டி எடுத்துப் போ. இதற்கென்று தனியாகப் பெட்டி வாங்க வேண்டாம்.

4. பிளாஸ்டிக் உறைகளை நம்பலாம், ஆனால் சந்தேகத்தோடு நம்பு. கொரியாவின் டிகாபேக், ஜெர்மனியின் ஈவா-மரைன் என்று முன்னால் கண்ணாடி வைத்த மென்மையான பைகள் வருகின்றன. ஹவுசிங்கோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. இத்தனை மீட்டர் தாங்கும் என்று அவற்றின்மேல் எழுதியிருக்கும். நான் அந்த எண்ணைப் படிப்பதில்லை. தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால், நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலம் முழுவதும் அழுத்துகிற அளவு இன்னொரு மடங்கு அழுத்தம் சேரும். ஒரு மீட்டரிலேயே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம். பை நசுங்கிக் கேமராவோடு ஒட்டிக்கொள்ளும், பொத்தான்கள் தாமாக அமுங்கும், மடிப்பில் இருக்கும் ஒரு மயிரிழை வெடிப்பு வாய் திறக்கும். பரிசலிலும் படகிலும் கவிழ்ந்தால் காப்பாற்றட்டுமே என்று அதைப் போட்டுக்கொள், முழங்கால் ஆழத்தில் நின்று அலையை எடுக்கப் போட்டுக்கொள். முங்கி நீந்த வேண்டாம்.

ஒவ்வொரு முறையும், புதுப் பையாக இருந்தாலும், முதலில் கேமரா இல்லாமல் சோதித்துப் பார். உள்ளே டிஷ்யூ பேப்பரைப் போட்டு, கூடவே கனத்துக்கு ஒரு கல்லைத் துணியில் சுற்றி வைத்து, மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வை. எடுத்ததும் வெளியே நன்றாகத் துடைத்து, கையைத் துடைத்து, அப்புறம் திற. டிஷ்யூவின் மூலையில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அந்தப் பை சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகட்டும். ஒகேனக்கல்லில் ஒரு பெரியவர் தினமும் முதல் சவாரிக்கு முன்னால் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். நேற்று நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டேன். "நேத்துப் போனவங்க நேத்தே கரையேறிட்டாங்க" என்றார். பரிசலுக்கு அவர் செய்வதைத்தான் உன் பைக்கு நீ செய்ய வேண்டும்.

5. என்றைக்காவது பழைய ஹவுசிங் ஒன்று கைக்கு வந்தால், ஓ-ரிங் என்னும் அந்த ரப்பர் வளையத்துக்கு மரியாதை கொடு. ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துணியிலிருந்து பிரிந்த ஒரு நூல், இதில் எது குறுக்கே கிடந்தாலும் தண்ணீர் வரும். ஊசியால் நெம்பாதே, விரலால் தள்ளி எடு. கூடவே கொடுக்கும் கிரீஸை மட்டும், பளபளப்புத் தெரிகிற அளவுக்கு மட்டும் தடவு. கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதற்கு அல்ல, வளையம் வறளாமலும் மடங்காமலும் தன் இடத்தில் அமர்வதற்கு. தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம்.

ஃபிலிம் காலத்தில் நிக்கோனோஸ் என்று ஒரு கேமரா இருந்தது. கடலாய்வாளர் கூஸ்டோவுக்காக ழான் டி வூட்டர்ஸ் என்ற பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் வடிவமைத்த கலிப்ஸோ கேமராவை, 1963-ல் நிக்கான் நிறுவனம் அந்தப் பெயரில் கொண்டுவந்தது. தனியாக ஹவுசிங் வேண்டாம், கேமராவே தண்ணீர் புகாதது. 50 மீட்டர் வரை போகும். 2001 வரை விற்றார்கள். ஆனால் 36 படம் முடிந்ததும் கரையேறித் தலையைத் துவட்டி, கையைத் துடைத்து, காற்றில்லாத மூலையில் உட்கார்ந்துதான் ஃபிலிம் மாற்ற வேண்டும். அந்தக் கேமராவோடு வேலை செய்த மூத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அவசரம் என்றாலும் முதலில் துண்டைத்தான் தேடுவார்கள். உன் பையிலும் ஒரு உலர்ந்த துண்டு, தலை துவட்டுவதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

6. இப்போது எனக்குப் பிடித்தமான வழி: மீன்தொட்டி. பாதி தண்ணீருக்கு மேல், பாதி தண்ணீருக்குக் கீழ் என்று ஒரே படத்தில் எடுத்திருப்பதைப் பார்த்து நீ ஏங்கியிருப்பாய். அதற்கு ஹவுசிங்கும் அரைக்கோளக் கண்ணாடியும் வேண்டும் என்பார்கள். தெளிந்து அசையாமல் கிடக்கும் தண்ணீராக இருந்தால் ஒரு கண்ணாடித் தொட்டி போதும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டால் அளவு சொன்னபடி ஒட்டியே கொடுப்பார்கள். கேமராவைத் தொட்டிக்குள் வைத்து, தொட்டியைப் பாதி தண்ணீரில் அமிழ்த்தி, கண்ணாடி வழியாக எடுக்க வேண்டும். கேமரா நனையவே நனையாது.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கடம் உண்டு. தொட்டி மிதக்கும். 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 20 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள். ஒவ்வொரு சென்டிமீட்டர் உள்ளே அமிழ்த்தும்போதும் தண்ணீர் 600 கிராம் எடையை மேலே தள்ளும். 10 சென்டிமீட்டர் இறக்க வேண்டுமென்றால் மொத்தம் ஆறு கிலோ வேண்டும். நாலு மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த தொட்டியும் கேமராவும் சேர்ந்து நாலு கிலோகூட வராது. மிச்சத்தைக் கையால் அமுக்கினால் கை நடுங்கும், தொட்டி சாயும், சாய்ந்த பக்கமாகக் குளம் உள்ளே வரும். ஆகவே ஒரு செங்கல்லைத் துண்டில் சுற்றித் தொட்டியின் பின்பக்கம் வை. மடித்த இன்னொரு துண்டின்மேல் கேமராவை உட்காரவை. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, பின்னாலிருந்து கறுப்புத் துணி போட்டு மூடினால் உன் சட்டையின் பிரதிபலிப்பு விழாது. அகலமான லென்ஸ், எஃப் 16 அளவுக்குச் சுருக்கிய அபெர்ச்சர், நல்ல வெயில். நீருக்குள் இருப்பவை நிஜத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதையும் கணக்கில் வைத்துக்கொள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் எப்போதும் நாலு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். பக்கத்தில் பையன்கள் குதித்துக் குளிக்கிற இடமாக இருந்தால், அவர்கள் குளித்துவிட்டுப் போகும்வரை கரையில் உட்கார். கடலில் இந்த வேலையே வேண்டாம்.

7. முங்க வேண்டுமென்றால் வேறு கேமராவோடு முங்கு. 2016-ல் வந்த கோப்ரோ ஹீரோ 5 முதல், அந்த ஹீரோ வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவை தனி ஹவுசிங் இல்லாமலே 10 மீட்டர் போகும். ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சிறு கேமராக்களுக்கு 15 மீட்டர். இவை பழையதாகவும் கிடைக்கும். பழையது வாங்கினால் கதவின் ரப்பர் எத்தனை வருடம் வெயில் பார்த்ததோ தெரியாது, வாளிச் சோதனை அதற்கும் உண்டு. உன் நல்ல கேமரா தருகிற படம் இதில் வராது என்பாய். ஆமாம், வராது. ஆனால் இதைக் கையில் வைத்திருக்கும்போது உனக்குப் பயம் இருக்காது. பயமில்லாமல் மீனுக்குப் பக்கத்தில் போவாய். தண்ணீருக்குள் சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே காணாமல் போய்விடும், எதையும் கிட்டே போய் எடுத்தால்தான் எடுபடும். கேமராவைப் பற்றிய கவலை இல்லாதவளுக்கு அது சுலபம்.

8. கரையில் லென்ஸ் மாற்றாதே. எதை எடுக்கப் போகிறாய் என்று வீட்டிலேயே முடிவு செய்து ஒரு லென்ஸோடு போ. நீளும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். நீளாத லென்ஸ் இருந்தால் அதை எடுத்துக்கொள். பையை மணலில் வைக்காதே.

9. திரும்பி வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால் துடை. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு போகாது. காய்ந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, திருகுகளையும் உலோக வளையங்களையும் ராத்திரியெல்லாம் அரிக்கும். அலையே படவில்லை, காற்றுதானே என்று நினைக்காதே. கடற்கரையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார், புரியும்.

உலர்ந்த துணியால் தேய்க்காதே. உப்புப் பொடியும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதி மணலை விரட்டு. பிறகு பழைய பருத்தி வேட்டித் துண்டை நல்ல தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, ஒற்றி எடு. துணியை அலசிப் பிழிந்து மறுபடி ஒற்று. பட்டன்களின் ஓரம், டயல்களின் பல், வார் மாட்டும் வளையம், டிரைபாடின் கால் மூட்டு எல்லாவற்றையும் ஒற்றிய பிறகு உலர்ந்த துணியால் துடை. பை, ஹவுசிங், கோப்ரோ எதுவானாலும் மூடியபடியே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். ஊறும்போது எல்லாப் பொத்தான்களையும் அமுக்கி அமுக்கி விடு, இடுக்கில் இருக்கும் உப்பு கரைந்து வரும்.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்து போய், வெயிலில் காய்ந்து, பசியோடு வந்திருப்பாய். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். சாப்பிட்டால் தூக்கம் வரும். எங்களோடு ஒரு பையன் இருந்தான்; கண் அவ்வளவு கூர்மை, நாங்கள் பார்க்காததை எல்லாம் பார்ப்பான். அவன் கேமராக்கள் இரண்டு வருடம் தாண்டியதில்லை. அவனைவிடச் சுமாராகப் படம் எடுத்த இன்னொருவர், வாசல் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் துடைத்த பிறகுதான் செருப்பையே கழற்றுவார். பத்திரிகையில் நிலைத்தவர் அவர்தான்.

10. ஈரக்காற்றும் தண்ணீர்தான். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கேமராவைக் கடற்கரையில் வெளியே எடுத்தால் கண்ணாடி முழுவதும் பனி படரும், உள்ளேயும் படரும். அறையிலேயே ஜிப்லாக் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திற. பனி கவரின்மேல் படரட்டும். அதே ஏசி அறை இன்னொரு விதத்தில் உனக்கு உதவும்: அங்கே காற்று உலர்ந்திருக்கும். பிளாஸ்டிக் உறையிலோ ஹவுசிங்கிலோ கேமராவைப் போட்டு மூடுவதை அங்கேயே செய்துவிட்டால், ஈரம் உள்ளே சிறைப்படாது. கூடவே ஒரு சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு.

வீட்டில் லென்ஸ் வைக்க டிரை கேபினட் வாங்க முடியாவிட்டால், ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், மூன்றும் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். 60-ஐத் தாண்டியே கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் விடும்; சென்னையில் வெளியே வைத்தால் தாண்டாமல் எங்கே போகும். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும், ஆனால் அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறுவதை வாங்கு. நிறம் மாறியதும் 110, 120 டிகிரி சூட்டில் வறுத்தால் பழையபடி வேலை செய்யும். அதற்கென்று தனித்தட்டு வை. உன் அம்மாவின் தோசைக்கல்லில் கை வைக்காதே.

11. விழுந்துவிட்டால், முதலில் ஒன்றும் செய்யாதே. வேலை செய்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்க்க விரல் துடிக்கும். அந்த ஒரு நொடியில்தான் உள்ளே மின்சாரம் ஓடி எரிகிறது. ஆனாக இருந்தால் அணை, பேட்டரியைக் கழற்று, கார்டைக் கழற்று, லென்ஸைக் கழற்று. உப்புத் தண்ணீர் குடித்த பேட்டரி சூடாகலாம், வீங்கலாம். அதைத் தனியாக வெளியே வை, மறுபடி சார்ஜ் போடாதே. கார்டை நல்ல தண்ணீரில் அலசி ஒரு நாள் உலரவிடு, படங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அரிசிக்குள் புதைக்கிற வழக்கத்தை விட்டுவிடு. அரிசி ஈரத்தை இழுப்பதைவிட மாவை உள்ளே விடுவதுதான் அதிகம். ஹேர் டிரையரும் வேண்டாம், சூடு ஈரத்தை இன்னும் உள்ளே விரட்டும். மின்விசிறிக் காற்றில் திறந்து வை, இல்லையென்றால் சிலிக்கா ஜெல் டப்பாவில் வை, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு போ.

அங்கே உண்மையைச் சொல். வெட்கப்பட்டு, மழையில் லேசாக நனைந்தது என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழைத் தண்ணீர் என்றால் அவர் உலர்த்திப் பார்ப்பார். கடல் தண்ணீர் என்றால் உடனே பிரித்துக் கழுவியாக வேண்டும். நீ சொல்கிற வார்த்தையை வைத்துத்தான் அவர் எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கிறார். இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் தண்ணீர்ச் சேதம் அதில் சேருமா என்ற வரியைக் கண்டுபிடித்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. கம்பெனி கொடுக்கும் வாரண்டியில் அது பொதுவாகச் சேராது.

12. வாடகைக் கேமராவையும் இரவல் லென்ஸையும் தண்ணீர்ப் பக்கம் கொண்டு போகாதே. இதற்கு விளக்கம் வேண்டாம்.

13. கேமராவைவிட நீ விலை கூடியவள். வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்தால் அலை தூரத்தில் இருப்பதாகத்தான் தெரியும். பாறையில் ஏறுவதற்கு முன்னால் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் அலை எங்கே வரை வருகிறது என்று பார். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்காதே. தனுஷ்கோடியில் கடல் அமைதியாகத் தெரிகிற நாளிலும் அடியில் இழுப்பு இருக்கும். அங்கிருக்கும் மீனவர் இறங்காதே என்றால் ஏன் என்று கேட்காமல் கரையேறு. படகில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள், படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றாதே. கேமரா வாரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆழத்தில் இறங்காதே. மணிக்கட்டில் இருந்தால் வேண்டும்போது உதறிவிடலாம். உதறவும் தயங்காதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா; யாரோ ஒருவர் படகில் கூட்டிப் போகிறேன் என்றால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேள்.

14. கரையில் வேலை செய்கிறவர்களுக்கு வழி விடு. மீன் இறங்குகிற நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் காசு. உன் கேமராவில் ஒரு துளி பட்டுவிட்டது என்று அங்கே முகம் சுளிக்காதே. இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடை தூக்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராமநாதபுரம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கப் போனால், அவர்கள் கரையேறி, உடை மாற்றி, வாயில் ஒரு வாய் டீ போன பிறகு பேச்சைத் தொடங்கு. எடுக்கலாமா என்று கேள், வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிட்டு உட்கார்ந்து பேசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுகிறவர்களுக்கு உன்னோடு பேச நேரம் இருக்கும். பழகுவதற்கு அதுதான் சமயம். முந்தின தடவை எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டு போ. மறக்காமல் லேமினேட் செய்துவிடு, படகில்தான் ஒட்டுவார்கள்.